நெத்திலி வலையில் ஒரு சோப்பு

அன்று கூடத்தில் இருந்தவர்களையும் அவரவர் இருந்த இடத்தையும் முதலில் சொல்லிவிடுகிறேன். மாமனார் நீலமேகம், வாசல் நிலைக்கு நேரே போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில். மாமியார் சாரதாம்பாள், மீன் விற்றுவிட்டு வந்த அன்னக்கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல். என் வீட்டுக்காரர் அம்பலவாணன், கிழிந்த வலையை மடியில் பரப்பிக்கொண்டு சுவரோரம். என் ஓரகத்தி காவ்யா உட்காரவில்லை. உத்தரத்தில் தொங்கிய தூளியின் கயிற்றைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள். தூளிக்குள் அவள் மகள் கீர்த்திகா. ஜன்னல் திட்டில் வீட்டுப் பூனை முசே; பிரெஞ்சில் ஐயா என்று அர்த்தம், அந்நாட்டுத் துரை மாதிரி நடக்கிறது என்று மாமா வைத்த பெயர். அடுக்களை வாசற்படியில் நான், நீலாயதாட்சி, இந்த வீட்டின் மூத்த மருமகள். எல்லோருக்கும் நடுவில், ஒரு எவர்சில்வர் தட்டில், கை கழுவுகிற சோப்பு.

சோப்பு என்று அதைச் சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். ஞாயிற்றுக்கிழமை பிரித்தபோது செங்கல் மாதிரி இருந்தது. வியாழக்கிழமையாகிய அன்று, ஆறிப்போன கூழ் மாதிரி தட்டில் ஒட்டிக்கொண்டு கிடந்தது.

"நல்லா பாத்துக்குங்க," என்றார் மாமியார். "இந்த வீட்ல மனுசங்க கை கழுவுறாங்களா, இல்ல யாராச்சும் சோப்பத் திங்கிறாங்களா?"

முசே கொட்டாவி விட்டது.

விஷயம் சோப்பு அல்ல என்பது எல்லோருக்கும் தெரியும். கீர்த்திகா மாதம் நிறையும் முன்பே பிறந்தவள். காவ்யாவின் தாய் வீடு பூவம். தலைப்பிரசவம் என்று அங்கே போயிருந்தவளை, வலி கண்டதும் காரைக்கால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். குழந்தை பல நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா ஒன்றே ஒன்றுதான் சொன்னாராம்: யார் தொட்டாலும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் தொட வேண்டும். ஐந்தாம் மாதம் குழந்தையோடு எங்கள் வீட்டுக்கு வந்த காவ்யா, பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே அந்தச் சட்டத்தைப் பிரித்து வைத்துவிட்டாள். முதலில் கொல்லை, அடிபம்பு, சோப்பு. அதற்குப் பிறகுதான் தூளி.

எங்கள் வீட்டில் மீன் படாத கை கிடையாது. மாமாவும் இவரும் கடலுக்குப் போகிறவர்கள். அத்தை காரைக்கால் மார்க்கெட்டில் கூடை வைத்திருக்கிறவர். நான் மிச்ச மீனை அரிந்து உப்புப் போட்டுக் காய வைக்கிறவள். ஆளாளுக்கு நாள் முழுக்கக் குழந்தையைத் தூக்க ஆசை. ஆசைக்கு ஒரு தடவை சோப்பு.

"எம் பேத்தியத் தொட எனக்கு டிக்கெட்டு எடுக்கணுமாம்," என்றார் அத்தை. "நானும் பெத்தேன். மீனு கையோடதான் தூக்குனேன். எவன் செத்தான்?"

"யாரும் சாவல அத்தை," என்றாள் காவ்யா. "ஆனா அவங்க யாரும் கண்ணாடிப் பொட்டியிலேருந்து வரலையே."

அத்தை மாமாவைப் பார்த்தார். மாமா அதிகம் பேசுகிறவர் அல்ல. தட்டை இழுத்து, அந்தக் கூழை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார்.

"நாளைக்கு அமாவாச," என்றார். "புதுசா ஒரு சோப்பு வாங்கித் தாரேன். ஒண்ணுதான். மாசி மகம் வரைக்கும் அது நின்னா ஒன் சட்டமும் நிக்கும். நடுவுல தீந்துச்சுன்னா எல்லாரும் தண்ணியில கைய அலசிட்டுத் தூக்குவோம். அப்பறம் நீ ஒண்ணும் பேசக் கூடாது."

"சரிங்க மாமா," என்றாள் காவ்யா. தூளிக் கயிற்றைப் பிடித்த கை மட்டும் இறுகியது.

ஏன் இறுகியது என்று எனக்குத் தெரியும். மாசி மகத்தன்று திருமலைராயன்பட்டினம் கடற்கரைக்குப் பெருமாள் தீர்த்தவாரிக்கு வருவார். எங்கள் தெருக்காரர்களுக்கு அவர் மாப்பிள்ளை முறை. மாப்பிள்ளையைப் பார்க்க ஊர் ஊராகச் சொந்தம் வரும். வந்ததெல்லாம் எங்கள் வீட்டில் வந்து இறங்கும். இறங்கியதெல்லாம் குழந்தையைத் தூக்கும். அந்த நாளுக்கு முன்பே சோப்பு தீர்ந்தால், அத்தனை கையும் அப்படியே அந்தப் பிள்ளை மேல் விழும்.

கூட்டம் கலைந்ததும் அத்தை என்னிடம் வந்தார். "நீலா, இன்னைக்கே குணசேகரனுக்கு ஒரு லெட்டர் போடு. ஒன் பொண்டாட்டி என்னயக் கொல்லையிலயே நிறுத்துறாடான்னு எழுது."

குணசேகரன் காவ்யாவின் புருஷன், என் கொழுந்தன். பஹ்ரைனில் ஒரு அரபியின் படகில் மீன்பிடிக்கிறார். அவர் கரைக்கு வரும் நேரம் யாருக்கும் தெரியாது என்பதால் போனை விடக் கடிதம்தான் அவரை ஒழுங்காகப் போய்ச் சேரும். பட்டினத்துப் பள்ளிக்கூடத்தில் பத்தாவது வரை படித்தவள் என்பதால் இந்த வீட்டுக் கடிதங்கள் எல்லாம் என் கையெழுத்து. அதிலும் ஒரு கிண்டல் உண்டு. "அண்ணி, நீங்க எழுதுறத ரூம்ல யாரும் பிரிக்க வேண்டியதில்ல, கவர் வந்ததுமே கருவாட்டு வாசன சொல்லிடுது" என்று ஒரு தடவை பதில் எழுதியிருந்தார்.

"மாசி மகம் முடியட்டும் அத்தை," என்றேன். "பாதிச் சேதிய எழுதுனா தம்பி அங்க ஒக்காந்து கொழம்பும். முடிவு தெரிஞ்சதும் ஒரே லெட்டரா எழுதிடுறேன்."

"எழுது. ஆனா நான் சொன்னது மொத வரியில இருக்கணும்."

மறுநாள் மாமா நெய்னா முகம்மது கடையிலிருந்து சோப்பு வாங்கி வந்தார். காவ்யா அதை உடனே பிரித்தாள். ஆனால் கொல்லைக்குக் கொண்டுபோகவில்லை. அடுக்களை ஜன்னல் மாடத்தில், கடல் காற்று நேராக அடிக்கிற இடத்தில் நிறுத்தி வைத்தாள். தட்டில் இருந்த பழைய கூழை வழித்து ஒரு கிண்ணத்தில் போட்டு, அதிலேயே எல்லோரையும் இரண்டு நாள் ஓட்டச் செய்தாள்.

"எதுக்கு காவ்யா இது காயுது?"

"புதுச் செங்கல்லு மாதிரிதான் அக்கா. காஞ்சாதான் கெட்டி. ஈரமா எறக்குனா சீக்கிரம் கரைஞ்சிடும்."

பிறகு கொல்லைக்குப் போய் அடிபம்புக்கு எதிரே குந்தி உட்கார்ந்துகொண்டாள். சோப்பு எப்போதும் இருக்கும் கொட்டாங்கச்சி அங்கே பம்பு வாய்க்குப் பக்கத்திலேயே இருந்தது. ஒருவர் அடிக்கும்போது தெறிக்கிற தண்ணீர் எல்லாம் அதில்தான் விழுந்தது. "பாருங்கக்கா, கழுவுறதுல போறது கொஞ்சம். சும்மா ஊறுறதுலதான் மிச்சமெல்லாம் போவுது." கொட்டாங்கச்சியின் அடியில் ஓட்டை போட்டு, குறுக்கே தென்னை ஈர்க்குகளை அடுக்கி, பம்பிலிருந்து தள்ளிச் சுவர் மேல் வைத்தாள். காய்ந்த சோப்பு அதில் ராஜா மாதிரி உட்கார்ந்தது.

ராஜாவின் முகத்தில் மறுநாளே கறுப்பாக ஒரு கட்டைவிரல் ரேகை. சாப்பிட உட்கார்ந்தபோது காவ்யா சோப்பைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். "இது யாரோட வெரலு?"

மாமா ரசத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இஞ்சின் கிரீசு," என்றார் இவர்.

"ஓகோ," என்றார் அத்தை. "இந்த வீட்ல ஊருக்கு ஒரு சட்டம், சட்டம் போட்டவருக்கு ஒரு சட்டமா?"

"கிரீசு வேற எதுலயும் போவல," என்றார் மாமா, தட்டிலிருந்து தலையை எடுக்காமல்.

"சோப்புலயும் போவாது மாமா, சோப்புதான் போவும்," என்றாள் காவ்யா. மறுநாள் பம்படியில் ஒரு மூடியில் தேங்காயெண்ணெய்க் கசடும் ஒரு கந்தலும் இருந்தன. முதலில் எண்ணெய் போட்டுத் தேய்த்து, கந்தலில் துடைத்துவிட்டு, கடைசியில்தான் சோப்பு. மீன் கைக்கும் அதே முறை. வழவழப்பை ஈர மணலில் தேய்த்து எடுத்துவிட்டு வா, மிச்சத்துக்குச் சோப்பு. மாமா முனகினார். முனகிக்கொண்டே செய்தார்.

இந்த வேகத்தில் போனால் மாசி மகத்தைத் தாண்டியே நின்றுவிடும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் என் வீட்டுக்காரருக்கு ஒரு யோசனை வந்தது. அவருக்கு யோசனை வந்தால் நான் ஸ்டவ்வை அணைத்துவிட்டு வெளியே வந்து பார்ப்பது வழக்கம். அன்று பார்க்காமல் விட்டேன்.

டவுனில் பிரெஞ்சு சர்க்கார் பென்ஷன் வாங்கும் ஒருவர் வீட்டுக்கு இறால் கொடுக்கப் போனவர், அவர்கள் வீட்டில் அழுத்தினால் சொட்டுகிற சோப்பு பாட்டில் ஒன்றைப் பார்த்திருக்கிறார். ஒரு அழுத்து, ஒரு சொட்டு, கை நிறைய நுரை. வீட்டுக்கு வந்து, யாரும் இல்லாத நேரத்தில், வலை அறுக்கும் கத்தியால் எங்கள் சோப்பைச் சரிபாதியாக வெட்டி, அந்தப் பாதியைச் சீவிப் பழைய சர்பத் பாட்டிலில் போட்டு, அடிபம்புத் தண்ணீரை நிறைய ஊற்றிக் குலுக்கியிருக்கிறார்.

"காவ்யா! நீலா! எல்லாரும் வாங்க. இனிமே சோப்பே வேணாம், சொட்டு போதும்!"

பாட்டிலுக்குள் திரிந்த பால் மாதிரி இருந்தது. மேலே வெள்ளை வெள்ளையாகக் கட்டி, கீழே கலங்கல் தண்ணீர்.

காவ்யா பாட்டிலைப் பார்க்கவில்லை. கொட்டாங்கச்சியைத்தான் பார்த்தாள். "பாதியவா வெட்டுனீங்க மச்சான்?"

"இரு இரு, இப்ப பாரு." கையில் ஊற்றித் தேய்த்தார். நுரை வரவில்லை. வெள்ளைத் துகள் மட்டும் விரல் இடுக்கில் ஒட்டியது. "நுரை எதுக்கு? கை சுத்தமாயிடுச்சு பாரு, மீனு வாசனையே இல்ல." கையை நீட்டிக் காட்டினார்.

முசே வந்தது. நீட்டிய கையை ஒரு தடவை மோந்து பார்த்தது. பிறகு கண்ணை மூடிக்கொண்டு, சுண்டுவிரலில் ஆரம்பித்து, ஒவ்வொரு விரலாகப் பக்தியோடு நக்கத் தொடங்கியது.

அத்தை சிரித்த சிரிப்பில் கூடையிலிருந்து சரிந்துவிட்டார். "அடேய் அம்பலவாணா, முசே ஒன்ன ஃபெயில் ஆக்கிடுச்சுடா!"

நான் இவரை அடுக்களைக்குள் கூப்பிட்டுச் சொன்னதை இங்கே எழுத முடியாது. எழுதவும் வேண்டியதில்லை. தெருவில் பாதிப் பேர் கேட்டிருப்பார்கள்.

நான் திரும்பி வந்தபோது காவ்யா அந்தப் பாட்டிலுக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அவள் எழுந்துபோய் இரண்டு கண்ணாடி டம்ளர் எடுத்து வந்தாள். ஒன்றில் பம்புத் தண்ணீர், இன்னொன்றில் நாங்கள் தெருக்குழாயில் பிடித்து வைத்திருக்கும் குடிதண்ணீர். இரண்டிலும் கத்தியில் ஒட்டியிருந்த சீவலை நகக்கண் அளவு போட்டாள். உள்ளங்கையால் மூடிக் குலுக்கினாள். பம்புத் தண்ணீர் திரிந்தது. குடிதண்ணீர் டம்ளரில் நுரை பொங்கி அவள் மணிக்கட்டில் வழிந்தது.

"அக்கா!" என்றாள். "அத்தை அன்னைக்கு யாரு திங்கிறான்னு கேட்டாங்கள்ல? தண்ணிதான்க்கா திங்குது! இந்த உப்புத் தண்ணி மொதல்ல அது வயித்த ரொப்பிக்கிட்டு, மிச்சத்ததான் நம்ம கைக்கு விடுது."

எத்தனை வருஷமாக அந்தப் பம்பில் சோப்பைத் தேய் தேய் என்று தேய்த்திருக்கிறோம். நுரை வரவில்லை என்று இன்னும் தேய்ப்போம். வர வேண்டிய நுரையெல்லாம் இத்தனை நாள் பம்பு குடித்திருக்கிறது.

அன்று மாலை அடிபம்புக்குப் பக்கத்தில் ஒரு சொம்பு நல்ல தண்ணீர் வந்தது. அத்தை குறுக்கே நின்றார். "குடிக்கிற தண்ணியில கை கழுவுறதா? விடியக்கால வரிசையில நின்னு சண்ட போட்டுப் புடிக்கிற தண்ணிடி அது!"

"கழுவ இல்ல அத்தை. நுரைய வரவைக்க மட்டும். ஒரு உள்ளங்கை போதும். நுரை எல்லா வெரலுக்கும் நல்லா போனப்பறம் அலசி ஊத்த அடிபம்பு இருக்கு."

"நான் ஒரு கொடம் கூடப் புடிக்கிறேன் அத்தை," என்றேன். அத்தை என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் எந்தக் கட்சி என்று அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. எனக்கும்.

இவர் செய்த பாவத்துக்கு இவரே பரிகாரம் செய்தார். நெத்திலி பிடிக்கிற வலையில் கண் மிகப் பொடியாக இருக்கும். அதில் கிழிந்த துண்டு ஒன்றை எடுத்து, வலை ஊசியால் அழகாக ஒரு சுருக்குப் பை முடிந்தார். மிச்சமிருந்த பாதிச் சோப்பை அதற்குள் போட்டுச் சுவர் ஆணியில் தொங்கவிட்டார். நனைந்த கையால் பையை இரண்டு உருட்டு உருட்டினால் வலைக் கண் வழியாக நுரை பிதுங்கிக்கொண்டு வரும். கையை எடுத்ததும் தண்ணீர் சொட்டி, காற்றில் ஆடிக் காய்ந்துவிடும். வழுக்கிச் சாக்கடையில் விழவும் விழாது.

"இதுல மாட்டுன நெத்திலியே தப்பாது," என்றார் இவர். "சோப்பு எங்க போவும்?"

"நீங்க தப்பிச்சதே பெரிசு," என்றேன்.

அத்தை மட்டும் அந்தப் பையைத் தொடவில்லை. பம்பில் கையை நனைப்பார், புடவையில் துடைப்பார், தூளிக்கு வருவார். காவ்யா இருந்தால் தூரத்திலிருந்து கொஞ்சிவிட்டுப் போவார். இல்லாத நேரம் பார்த்துத் தூக்குவார்.

ஒரு நாள் மத்தியானம் காவ்யா குளித்துக்கொண்டிருந்தாள். நான் கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். மத்தி விற்றுவிட்டு வந்த அத்தை, குழந்தையைத் தூளியிலிருந்து எடுத்துக் கொஞ்சி, விரலைப் பிடிக்கக் கொடுத்து, பாயில் போட்டுவிட்டு வெற்றிலைப் பெட்டியை எடுக்கத் திரும்பியிருக்கிறார். "ஏய்! ஏய்!" என்று அவர் போட்ட சத்தத்தில் நான் ஓடினேன்.

முசே பாயில் ஏறி, கீர்த்திகாவின் மூடிய கைவிரல்களை நக்கிக்கொண்டிருந்தது. அத்தை விளக்குமாற்றை ஓங்கியதும் ஓடிவிட்டது. குழந்தை அழவில்லை. சிரித்துக்கொண்டே, பூனை நக்கிய அதே கையை வாய்க்குக் கொண்டுபோனது. அத்தை பாய்ந்து அந்தக் கையைப் பிடித்தார். மோந்து பார்த்தார்.

மத்தி வாசனை. அவர் கூடை வாசனை.

அத்தை குழந்தையை என்னிடம் விட்டுவிட்டுக் கொல்லைக்குப் போனார். மணலில் தேய்க்கிற சத்தம் கேட்டது. சொம்பு கல்லில் உரசியது. வெகு நேரம் கழித்து, முழங்கை வரை ஈரமாகத் திரும்பி வந்தார். ஜன்னல் திட்டில் பதுங்கியிருந்த முசேயின் மூக்குக்கு நேரே இரண்டு கையையும் நீட்டினார். முசே மோந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டது.

அத்தை ஒரு ஈரத் துணியில் குழந்தையின் கையைத் துடைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "காவ்யாகிட்ட சொல்லாத."

"சொல்லல அத்தை."

"லெட்டர்லயும் எழுதாத."

"எழுதல."

அன்றைக்குச் சாயங்காலம் காவ்யாவிடம் அவரே போய், ஒன்றும் நடக்காத மாதிரி, "இந்தாடி, நான் வேணா மார்க்கெட்லேருந்து ஒரு சோப்பு வாங்கியாரேன், ஒங்க மாமாவுக்குத் தெரியாம வச்சிக்க," என்றார். காவ்யா அவர் முகத்தையே பார்த்தாள்.

"வேணாம் அத்தை," என்றாள். "ஒண்ணுலயே காட்டுறேன்."

மாசி மகத்தன்று காலையில் பையைத் தொட்டுப் பார்த்தேன். உள்ளே இருந்தது வெற்றிலைக் கனம்தான். வீட்டில் இருக்கிறவர்களுக்கு என்றால் போதும். ஆனால் அன்று வீட்டில் இருக்கிறவர்கள் மட்டுமா?

பெருமாள் கடலாடி முடிந்ததும் கூட்டம் வந்தது. முன்னால் வந்தது அத்தையின் தங்கை காசியம்மா. வாசலிலேயே குரல். "எங்கடி எம் பேத்தி? தூக்குறேன் வாங்க!"

தூளிக்குப் போகிற வழியில், நடை நடுவே, அன்னக்கூடையைக் கவிழ்த்துப் போட்டு அத்தை உட்கார்ந்திருந்தார்.

"மொதல்ல கொல்ல, அப்பறம் புள்ள," என்றார்.

"என்னாது?"

"கொல்லையில போயி கை கழுவிட்டு வா."

"ஏன்க்கா, இது என்ன கலெக்டர் ஆபீசா?"

"கலெக்டரே வந்தாலும் கொல்லதான் மொதல்ல. பேசுன வாயோட போ."

தூளிக்குப் பக்கத்தில் நின்ற காவ்யாவைப் பார்த்தேன். அவள் அத்தையின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது, உதடு சிரித்தது.

கொல்லையில் இவர் சொம்போடு நின்றார், கோயிலில் தீர்த்தம் கொடுக்கிறவர் மாதிரி. ஆளுக்கு ஒரு உள்ளங்கை. காசியம்மா சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "சோப்பு எங்கடா? ஒரு வலைத் துண்டுதான் தொங்குது."

"அதுக்குள்ளதான் சின்னம்மா. உருட்டுங்க."

"நெத்திலிக்கு வலை போட்டான், கேட்ருக்கேன். சோப்புக்கு வலை போட்டவன் நீதான்டா." உருட்டினார். நுரை பிதுங்கியது. "அட! வருதே!" உள்ளே வந்து எல்லோரிடமும் கையை நீட்டினார். "மோந்து பாருங்கடி!" அதற்குப் பிறகு யாரையும் அனுப்ப வேண்டியிருக்கவில்லை. அவர்களாகவே வரிசையில் நின்றார்கள். பூவத்திலிருந்து வந்த காவ்யாவின் அப்பா அம்மாவும் அதே வரிசையில்தான். கீர்த்திகா மடி மடியாக மாறினாள். ஒவ்வொருவர் போய் வந்ததும் நான் பையைப் போய்ப் பார்த்தேன். இருக்கிறதா? இருந்தது. இன்னும் இருக்கிறதா? இருந்தது. வலைக் கண்ணுக்குள் ஒட்டிக்கொண்டு, மெலிந்து மெலிந்து, ஆனாலும் நுரைத்தது.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு மாமா வந்தார். சொந்தக்காரர்களைப் படகில் ஏற்றி ஒரு சுற்றுக் காட்டிவிட்டு வருகிறார். முழங்கை வரை கிரீசு, அதன் மேல் படகுக் கயிற்று மீன் வாடை. வாசலிலிருந்தே முசே வாலைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் வந்தது.

எல்லோருக்கும் கதை தெரிந்துவிட்டிருந்தது, காசியம்மா சொல்லியிருந்தார். மாமாதான் கடைசிக் கை. இதிலும் மோசமான கை அன்று வரப்போவதில்லை.

அத்தை கூடையிலிருந்து எழவில்லை. "மொதல்ல கொல்ல," என்றார்.

"தெரியும்," என்றார் மாமா.

எல்லோரும் கொல்லைக்குப் போனோம். யாரும் சொல்லாமலே மாமா எண்ணெய்க் கசடைத் தொட்டுத் தேய்த்தார், கந்தலில் துடைத்தார், மணலை அள்ளினார். இவர் ஒரு உள்ளங்கைத் தண்ணீர் ஊற்றினார். மாமா பையைப் பிடித்து உருட்டினார். ஒன்றும் வரவில்லை. காவ்யா குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். மாமா நிதானமாக இன்னும் ஒரு முறை உருட்டினார். வலைக் கண்களில் வெள்ளையாகப் பூத்தது. பூத்து, பிதுங்கி, அவர் விரல்களை மூடியது. நகத்து இடுக்கு வரைக்கும் அவசரமில்லாமல் தேய்த்து, பம்பில் அலசினார். பிறகு குனிந்து, காலைச் சுற்றிக்கொண்டிருந்த முசேயின் முன்னால் கையை நீட்டினார்.

முசே மோந்தது. இந்தப் பக்கம் மோந்தது, அந்தப் பக்கம் மோந்தது. தும்மிவிட்டு, வாலைத் தூக்கிக்கொண்டு, துரை மாதிரி நடந்து போய்விட்டது.

காசியம்மா போட்ட குலவை கடற்கரை வரை கேட்டிருக்கும்.

மாமா பையின் சுருக்கை அவிழ்த்து உள்ளங்கையில் கொட்டினார். மீன் செதில் மாதிரி ஒரு சில்லு. கிழக்கே அப்போதுதான் ஏறிய மாசி நிலாவுக்கு நேரே அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"நிக்கிது," என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். சட்டைப் பையில் கையை விட்டு ஒரு புதுச் சோப்பை எடுத்தார். கடலுக்குப் போவதற்கு முன்பே வாங்கி வைத்திருக்கிறார்! உறையைப் பிரித்துக் காவ்யாவிடம் நீட்டினார்.

"காயப்போடு. காஞ்சப்பறம் இந்தச் சில்லயும் அது முதுவுல ஒட்டிடு. அதுவரைக்கும் வலையிலயே கெடக்கட்டும். எம் பேத்திய இப்பக் குடு."

காவ்யா குழந்தையைக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, இத்தனை நாள் அடக்கியதெல்லாம் சேர்த்து, எல்லோர் முன்னாலும் கைதட்டிச் சிரித்தாள்.

மறுநாள் காலையில் நான் கடிதம் எழுத உட்கார்ந்தேன். இடம், நாள், அன்புள்ள தம்பிக்கு அண்ணி எழுதுவது, எல்லாம் முறைப்படி. அத்தை பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"மொத வரியில என்ன எழுதட்டும் அத்தை? அன்னைக்குச் சொன்னதயா?"

"ஒதை வாங்குவ." ஒரு வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார். "ஒன் பொண்டாட்டி ஜெயிச்சிட்டாடான்னு எழுது. நீ வந்து எறங்குனதும் பொட்டியக் கூடத்துல போட்டுட்டு நேரா கொல்லைக்குப் போயி கை கழுவிட்டுத்தான் புள்ளயத் தூக்கணும்னு எழுது. அம்மா நடையிலதான் ஒக்காந்திருப்பேன்னு எழுது."

எழுதினேன். அவர் எழவில்லை.

"அந்தப் பூன சமாச்சாரத்தயும் எழுது," என்றார். "மத்தி கைய. எழுது, பரவால்ல. காவ்யாகிட்ட நேத்து நானே சொல்லிட்டேன்."

அதையும் எழுதினேன். சோப்புச் சில்லை நிலாவில் பிடித்துப் பார்த்தது வரை எழுதிய பிறகு பேனாவை மூடி வைத்தேன். காகிதத்தை மடிக்கக் கை நீட்டியபோதுதான் விரலில் காலையில் அரிந்த மீனின் வாடை தெரிந்தது. எழுந்து கொல்லைக்குப் போனேன். மணல், ஒரு உள்ளங்கை நல்ல தண்ணீர், நெத்திலி வலை. அலசி, துடைத்து, உலர விட்டு வந்து மடித்தேன். கவரில் போட்டு, ஒரு பருக்கைச் சோற்றை நசுக்கி விளிம்பில் தடவி, அழுத்தி ஒட்டினேன்.

முசே வந்து கவரை மோந்து பார்த்தது. பிறகு ஒன்றும் இல்லாத வீட்டுக்கு வந்துவிட்ட மாதிரி திரும்பிப் போனது.

தெருமுனைத் தபால் பெட்டி வரைக்கும் நானே நடந்து போய் அதைப் போட்டுவிட்டு வந்தேன்.